முப்பத்தாறாவது மாநிலம்

சட்டசபை சட்டத்தை ஆக்குகின்றது. சட்டசபையை ஆக்குவதோ நாட்டின் அரசியற்றிட்டம். ஆகவே அந்த அரசியற்றிட்டத்திலே ஒரு சொல்லை நீக்கவோ ஒரு பிரிவைச் சேர்க்கவோ நேரிடும்போது, அதற்கு உரிமையுடையோர் யாவர் என்னும் வினா எழுகின்றது. சட்டசபையே தன் விருப்பப்படி மாற்றலாமென்றால், கட்டுண்டவன் கையிலேயே கட்டை அறுக்குங் கத்தியைக் கொடுத்ததாகும். ஒருவராலும் மாற்ற இயலாதென்றால், இறந்துபோன முன்னோர் உயிரோடிருப்போரை ஆள்வதாக முடியும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியை எழுத்திலே வகுத்து, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அதன்படி ஒழுகிவரும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே திருத்தம் முன்மொழியப்படுவது ஓரிடம். அது ஏற்புறுதி பெறுவது வேறிடம். முன்மொழிவைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. ஏற்புறுதியின் வரலாறே சுவை மிக்கது. நேயர்கள் அறிந்துகொள்ளத்தக்கதும் அதுவே.

பிரித்தானியரிடமிருந்து பிரிந்த பதின்மூன்று மாநிலங்களும் முதலிலே தமக்குள் ஒரு கூட்டுடன்படிக்கை செய்துகொண்டன. அதனைத் திருத்துவதாயின் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமுகமாக இசைதல் வேண்டும் என்பது விதி. கேட்பதற்கு இஃது நீதியான விதியாகவே தோன்றும். நடைமுறையில் நேர்ந்தது வேறு. போர்க்கடனைத் தீர்ப்பதற்கு வழியின்றித் தவித்த கொங்கிரஸ், இறக்குமதிப் பொருள்கள் மீது நூற்றுக்கு ஐந்து வீதம் தீர்வை விதிக்கும் அதிகாரத்தை 1781 இல் மாநிலங்களிடம் வேண்டிற்று. பன்னிரண்டு மாநிலங்கள் இணங்கக்கூடியனவாக இருந்தும், மிகச் சிறிய மாநிலமாகிய றோட் ஐலண்ட் 1782 இல் மறுத்துவிட்டது. வேறு வடிவிலே மீண்டுங் கேட்டபோது நியூ யோர்க் முட்டுக்கட்டையிட்டது. ஒருவர் மறுத்தால் எல்லோரும் நிற்க வேண்டும் என்ற விதியினால் நாடே நின்றுவிட்டது.

1787 இல் பிலடெல்பியா நகரிலே கூடிய அறிஞர்கள் இந்தப் பட்டறிவை மறக்கவில்லை. பழைய உடன்படிக்கையைத் திருத்துவதற்கென அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். புதிய அரசியற்றிட்டம் ஒன்றையே எழுதி முடித்தார்கள். அதற்கும் பதின்மூன்று மாநிலங்களின் இசைவைத் தேடினால் ஒருநாளும் கைகூடாதென அறிந்து, ஒன்பது மாநிலங்கள் ஏற்றாலே அவற்றுக்கிடையில் நடைமுறைக்கு வருமென அத்திட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பழைய விதிப்படி பார்த்தால் இது விதிமீறலே. அமெரிக்கர் தம் அரசியற்றிட்டத்தைப் போற்றிப் பேசும்போது இதனை அதிகம் எடுத்துரைப்பதில்லை.

அத்திட்டத்தின் ஐந்தாம் உறுப்புரையே திருத்தம் பற்றியது. கொங்கிரசின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் ஒரு திருத்தம் முன்மொழியப்படும். அல்லது மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் விண்ணப்பித்தால் அதற்கென ஒரு பேரவை கூட்டப்படுதல் வேண்டும். இந்த இரண்டாம் வழி இதுவரை ஒருமுறையேனும் கையாளப்பட்டதில்லை. முன்மொழிந்த திருத்தத்தை நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்றுறுதி செய்தாலன்றி அது சட்டமாகாது. மாநிலச் சட்டசபைகள் ஏற்பதா, அதற்கென மக்கள் தெரிந்தனுப்பும் தனி மாநாடுகள் ஏற்பதா என்பதைக் கொங்கிரசே தீர்மானிக்கும். குடிபதிக்கு இதிலே பங்கில்லை. 1798 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திற்று. அங்ஙனமிருந்தும், அடிமை முறையை ஒழித்த திருத்தத்திலே ஆபிரகாம் லிங்கன் ஆர்வமிகுதியாற் கையொப்பமிட்டுவிட, அது தேவையற்ற கையொப்பமென மூதவை பின்னர் குறித்துவைத்தது.

எத்தனை நாளுக்குள் மாநிலங்கள் விடை பகர வேண்டும், ஒருமுறை ஆம் என்ற மாநிலம் பின்னர் இல்லை எனலாமா, இல்லை என்றது பின்னர் ஆம் எனலாமா என்பன பற்றி ஐந்தாம் உறுப்புரை வாய் திறக்கவில்லை. பின்வந்த வழக்குகளும் பூசல்களும் பெரும்பாலும் இந்த மௌனத்திலிருந்து பிறந்தனவே.

புதிய கொங்கிரசிலே ஜேம்ஸ் மடிசனின் முயற்சியால் 1789 செப்ரெம்பர் 25 ஆம் திகதி பன்னிரண்டு திருத்தங்கள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. பேச்சுரிமை, சமய சுதந்திரம், யூரிமார் முன் விசாரணை முதலியவற்றைக் காக்கும் பத்தும் 1791 டிசம்பர் 15 இல், வேர்ஜீனியா இசைந்ததும், நிறைவெய்தின. இடைக்காலத்தில் வேர்மொன்ற் புதிதாகச் சேர்ந்தமையால் மாநிலங்களின் தொகை பதினான்காகி, தேவையான எண்ணிக்கையும் பத்திலிருந்து பதினொன்றாக உயர்ந்திருந்தது. ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருக்கையில் எல்லைக்கோடு நகர்வது போன்றது இது. பன்னிரண்டில் எஞ்சிய இரண்டும் போதிய ஆதரவின்றி நின்றுபோயின. அவ்விரண்டையும் நேயர்கள் நினைவில் வைத்திருப்பாராக.

உள்நாட்டுப் போரின்போது ஏற்புறுதி விதி பெருஞ் சோதனைக்கு உள்ளாயிற்று. 1861 மார்ச் மாதத்திலே, போர் மூளுமுன், தென்மாநிலங்களை அமைதிப்படுத்தும் பொருட்டுக் கொங்கிரஸ் ஒரு திருத்தத்தை அனுப்பிற்று. மாநிலங்களில் நிலவும் அடிமை முறையிற் கொங்கிரஸ் என்றுந் தலையிடலாகாது என்பதே அதன் சாரம். அது நிறைவேறியிருப்பின் பதின்மூன்றாந் திருத்தமாகியிருக்கும். போர் வந்தது, அது கிடப்பிற் போயிற்று. நான்கே ஆண்டுகளில், 1865 ஜனவரி 31 இல், அடிமை முறையை வேரறுக்கும் வேறொரு திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி அந்த எண்ணைப் பெற்றது. வரலாற்றின் விளையாட்டு என்று இதனையன்றி வேறெதனைச் சொல்வது?

ஆயினும் நான்கில் மூன்று பங்கு என்றால் எத்தனை? பிரிந்துபோன தென்மாநிலங்களையுஞ் சேர்த்தால் முப்பத்தாறு மாநிலங்கள். இருபத்தேழு இசைய வேண்டும். அவற்றை நீக்கினால் எண்ணிக்கை குறையும். வெற்றி பெற்ற வடபகுதியார் மட்டும் கூடி முடிவு செய்வது எளிது. அங்ஙனஞ் செய்தால் அது என்றும் ஐயத்துக்கிடமாகும் என்று லிங்கன் தம் இறுதிப் பேச்சில், 1865 ஏப்ரில் 11 இல், எடுத்துரைத்தார். அவர் கொலையுண்ட பின்னர் தென்மாநிலங்களும் எண்ணிக்கையிற் சேர்க்கப்பட்டன. டிசம்பர் 6 இல் இருபத்தேழாவதாக இசைந்தது அடிமைகளின் உழைப்பாற் பருத்தி விளைவித்த ஜோர்ஜியா மாநிலமே. மிசிசிப்பி அன்று மறுத்தது. 1995 இலேதான் இசைந்தது. அதனை முறைப்படி அறிவித்ததோ 2013 இல்.

அடுத்த பதினான்காந் திருத்தம், விடுதலை பெற்ற கறுப்பின மக்களையுங் குடிமக்களாக்கி எல்லோர்க்குஞ் சட்டத்தின் சம பாதுகாப்பை வழங்கியது. தென்மாநிலங்கள் முதலில் மறுத்தன. அதனை ஏற்றாலன்றிக் கொங்கிரசிலே இடமில்லையென 1867 இல் விதி செய்யப்பட்டது. மறுபுறம், முன்பு இசைந்த ஒகையோவும் நியூ ஜேர்சியும் 1868 இல் தம் இசைவை மீட்டுக்கொண்டன. வெளிநாட்டுச் செயலாளர் சீவாட், அவ்விரு மாநிலங்களின் முதல் இசைவு இன்னுஞ் செல்லுமாயின் திருத்தம் நிறைவேறியது எனச் சந்தேகத்தோடு ஓர் அறிக்கை விடுத்தார். கொங்கிரஸ் அவரைத் தாமதிக்க விடவில்லை. நிறைவேறியது எனத் தீர்மானித்தது. ஜூலை 28 இல் சீவாட் ஐயம் நீக்கி மறு அறிக்கை விடுத்தார். கறுப்பின மக்கள் பின்னாளிற் பெற்ற நீதிமன்ற வெற்றிகள் பலவற்றுக்கு வேராய் நிற்பது இவ்வாறு பலவந்தமும் ஐயமும் கலந்து நிறைவேறிய இந்தத் திருத்தமே. தூய வழியிலே வந்தவை மாத்திரம் நன்மை பயக்கும் என்பார்க்கு இது சற்றுச் சங்கடமான உதாரணம்.

ஏற்புறுதி என்பது எத்துணை நுண்ணிய இழையிலே தொங்கக்கூடியது என்பதைக் காண விரும்புவோர் 1920 ஆம் ஆண்டுக்கு வருதல் வேண்டும்.

பெண்கள் வாக்குரிமைக்குப் போராடியது நீண்ட கதை. வாக்களித்த குற்றத்துக்காக 1873 இல் நூறு டொலர் தண்டம் விதிக்கப்பெற்ற சூசன் அந்தனி அம்மையார் அத்தண்டத்தைக் கட்ட மறுத்தார். அவர் வேண்டிய திருத்தம் 1878 இல் முதன்முதலாக மூதவையில் வைக்கப்பட்டது. 1906 இல் அவர் இறந்தார், திருத்தம் நிறைவேறவில்லை. உலகப் போர் முடிந்த பின்னர், 1919 மே மாதம் பிரதிநிதிகள் சபையிலும் ஜூன் 4 இல் மூதவையிலும் அது நிறைவெய்திற்று. மாநிலங்கள் அப்பொழுது நாற்பத்தெட்டு. முப்பத்தாறு இசைய வேண்டும். பதின்மூன்று மறுத்தாற் போதும், முயற்சி வீணாகும்.

விஸ்கொன்சின், இலினோய், மிச்சிகன் ஆகியன ஒரு வாரத்துக்குள் இசைந்தன. பல மாநிலங்களிலே சட்டசபை அவ்வாண்டு கூடும் முறை இல்லை. ஆளுநரை இரந்து விசேட கூட்டங்களைக் கூட்டுவிக்க வேண்டியிருந்தது. 1920 மார்ச் 22 இல் வாஷிங்ரன் மாநிலம் முப்பத்தைந்தாவதாக இசைந்தது. பின்னர் வண்டி நின்றுவிட்டது. டெலவெயர் மாநிலம் கைகொடுக்கும் என்றிருந்தார்கள். அது ஜூன் மாதம் கைவிட்டது. தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தன. எஞ்சிய நம்பிக்கை தெற்கிலே உள்ள ரெனசி மாநிலம் ஒன்றே. அங்கேயோ அதன் சொந்த அரசியற்றிட்டம் குறுக்கே நின்றது: கூட்டரசின் திருத்தம் வந்த பின்னர் தெரிவுசெய்யப்படும் சட்டசபையே அதனை ஆராயலாம் என்பது அதன் விதி.

இந்தப் பூட்டைத் திறந்தது வேறொரு வழக்கு. மதுவிலக்குத் திருத்தத்தை ஒகையோச் சட்டசபை ஏற்றுறுதி செய்திருந்தது. அம்மாநில மக்கள் 1919 நவம்பரிலே பொதுவாக்கெடுப்பு நடத்தி அதனை மறுத்தார்கள். 1920 ஜூன் 1 இல் உயர் நீதிமன்றம், ஏற்புறுதி செய்யும் அதிகாரத்தைக் கூட்டரசின் அரசியற்றிட்டம் சட்டசபைக்கே அளித்ததெனவும், அதனை மாநில விதிகளோ மாநில மக்களின் வாக்கோ மாற்றமாட்டாவெனவுந் தீர்த்தது. மக்களாட்சியை மெச்சும் நாட்டிலே, மக்களின் வாக்கினும் அவர்தம் பிரதிநிதிகளின் வாக்கே மேலானது என்று நீதிமன்றம் உரைத்தது விந்தையே. ஆயினும் அவ்விந்தையே பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ரெனசி விதியும் செல்லாததெனச் சட்ட அறிஞர் கருத்துக் கூறினர். ஆளுநர் அல்பேட் றொபேட்ஸ் ஓகஸ்ற் 9 இல் விசேட கூட்டத்தைக் கூட்டினார்.

தலைநகராகிய நாஷ்வில்லிலே கடும் வெயில். ஹேர்மிற்றேஜ் ஹோட்டலிலே இருபக்கத்தாரும் வந்து குவிந்தனர். வாக்குரிமை வேண்டுவோர் மஞ்சள் றோசாப்பூவும், வேண்டாதோர் சிவப்பு றோசாப்பூவும் அணிந்தனர். ஓர் உறுப்பினரின் சட்டையைப் பார்த்தே அவர் வாக்கைக் கணிக்கலாம். கரி சப்மன் கற் அம்மையார் வெளிமாநிலத்தவர் என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்துகொண்டு போரை நடத்தினார். மறுபக்கத்திலே புகையிரதக் கம்பனிகள், ஆலை முதலாளிகள், மதுவணிகர் ஆகியோரின் ஆட்கள் நடமாடினர். மதுவிலக்கு நடைமுறையிலிருந்தும் மேல்மாடி அறைகளில் மதுவுக்குக் குறைவில்லை. வாக்குரிமை கிடைத்தாற் கறுப்பினப் பெண்களும் வாக்களிப்பார்களே என்ற அச்சமே எதிர்ப்பாளரின் கூரிய ஆயுதம். அதனை ஆதரவாளர் பலர் நேர்நின்று மறுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஓகஸ்ற் 13 இல் மாநில மூதவை இருபத்தைந்துக்கு நான்கு என்ற கணக்கில் எளிதாக இசைந்தது. கீழ்ச்சபையிலேதான் ஆபத்து. சபாநாயகர் சேத் வோக்கர், முன்பு ஆதரிப்பார் என நம்பப்பட்டவர், எதிரணித் தலைவராக மாறியிருந்தார். ஓகஸ்ற் 18 ஆம் திகதி, சபை தொண்ணூற்றாறு உறுப்பினரோடு கூடிற்று. திருத்தத்தை ஆராயாது ஒத்திவைக்க வேண்டுமென வோக்கர் பிரேரித்தார். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. எதிரணியைச் சேர்ந்தவரெனக் கணிக்கப்பட்ட பாங்ஸ் ரேணர் இப்பக்கம் சாய்ந்துவிட்டமையே காரணம். மறுபடி எண்ணினார்கள்; மறுபடியும் அதே எண்ணிக்கை. சமவாக்குப் பெற்ற பிரேரணை தோற்றதாகும். ஆகவே ஒத்திவைப்புத் தோற்றது.

வோக்கர் உடனே திருத்தத்தையே வாக்குக்கு விட்டார். அவரது கணக்குத் தெளிவானது. அதே நாற்பத்தெட்டும் அதே நாற்பத்தெட்டும் மீண்டும் விழுந்தால், சமவாக்கினால் இம்முறை தோற்பது திருத்தமாகும். அவர் அறியாதது, சிவப்பு றோசா அணிந்த ஓர் இளைஞரின் சட்டைப் பையிலே இருந்த கடிதம்.

அவர் பெயர் ஹரி பேண். மக்மின் கோட்டத்து நயோற்றா ஊரினர், வயது இருபத்துநான்கு. ஒத்திவைப்புப் பிரேரணைக்கு இருமுறையும் அவர் எதிரணியோடு வாக்களித்தவர். அவ்வாண்டிலேயே மறுதேர்தலைச் சந்திக்க வேண்டியவர். தொகுதியிலே பலர் திருத்தத்தை விரும்பாதவர். அவருடைய தாயார் பெப் பேண் அம்மையார், கணவனை இழந்தவர், தோட்டத்தைத் தாமே நடத்தி வந்தவர், நாளேடுகளைத் தவறாது படிப்பவர். மகனின் பேச்சு நாளேட்டில் வருமென எதிர்பார்த்து ஏமாந்த அவர், வீட்டுச் செய்திகளும் ஊர்ச் செய்திகளும் நிறைந்த நீண்ட கடிதமொன்றை எழுதினார். அதனூடே, ஐயத்தில் அவர்களை வைத்திராதே, வாக்குரிமைக்கு ஆதரவாக வாக்களி, நல்ல பிள்ளையாயிருந்து கற் அம்மையாருக்கு உதவி செய் என்ற பொருள்பட எழுதினார். ஏற்புறுதி என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை வைத்து ஒரு வேடிக்கையும் அதில் இருந்தது. அது தமிழுக்குப் பெயராது.

பெயர்கள் அகரவரிசைப்படி அழைக்கப்பட்டன. முற்பகுதியிலேயே வந்த பேண் என்ற பெயருக்கு, ஆம் என்ற விடை விரைவாக எழுந்தது. மண்டபத்திலிருந்தோர் செவிமடுத்தது சரிதானா எனத் திகைப்பதற்குள் அடுத்த பெயர் அழைக்கப்பட்டுவிட்டது. முதல் அழைப்பிலே வாய்திறவாதிருந்த ரேணர் இறுதியில் எழுந்து ஆம் என்றார். நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தேழு. மஞ்சள் றோசாப்பூக்கள் மேன்மாடத்திலிருந்து சொரிந்தன.

வோக்கர் அங்கேயும் ஒரு தந்திரஞ் செய்தார். வென்ற பக்கத்தவரே மறுபரிசீலனை கோரலாமென்ற சபை விதியைக் கருதித் தம் வாக்கை ஆம் என மாற்றினார். அதனால் ஆதரவு வாக்கு ஐம்பதாயிற்று. சபையின் முழு உறுப்பினர் தொண்ணூற்றொன்பது. அதிற் பெரும்பான்மை ஐம்பது. நாற்பத்தொன்பது வாக்குப் போதாது என எவரேனும் வழக்குரைக்க இருந்த இடத்தையும் சபாநாயகரே அடைத்துவிட்டார்.

இளைஞர் பேண் விலைபோனார் என மறுநாள் பழி கிளம்பிற்று. அவர் சபைப் பதிவேட்டிலே தம் விளக்கத்தைச் சேர்ப்பித்தார்: வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கும் உரியது என்று தாம் நம்புவதாகவும், தாயின் அறிவுரையைக் கேட்பதே மகனுக்குப் பாதுகாப்பானது எனவும் அதிலே கண்டிருந்தது. அவர் எதிரிகளுக்கு அஞ்சிச் சாளரத்தின் வழியே தப்பியோடினார் என்றொரு கதையும் வழங்குகின்றது. அது கதையளவில் நிற்கட்டும். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் மீண்டும் வெற்றி பெற்றார் என்பது கதையன்று.

மறுபரிசீலனைக்குப் போதிய வாக்குத் திரட்ட இயலாத எதிரணியினர் பலர், சபை கூடுவதற்குத் தேவையான எண்ணிக்கையைக் குலைக்கும் நோக்குடன் இரவோடிரவாகப் புகையிரதமேறி அயல் மாநிலமாகிய அலபாமாவுக்குப் போய்விட்டனர். எஞ்சியோர் காரியத்தை முடித்தனர். நீதிமன்றத் தடையுத்தரவு ஒன்றும் வந்து நீங்கிற்று. ஓகஸ்ற் 24 இல் ஆளுநர் சான்றிதழில் ஒப்பமிட்டார். பதிவுத் தபாலிற் சென்ற அது 26 ஆம் திகதி விடியற்காலம் தலைநகர் வாஷிங்ரனை அடைந்தது. வெளிநாட்டுச் செயலாளர் பெயின்பிறிட்ஜ் கொல்பி அன்று காலையிலே தம் வீட்டிலிருந்தபடியே, விழாவுமின்றிப் படப்பிடிப்பாளருமின்றி, கையொப்பமிட்டார். எழுபதாண்டுக்கு மேற்பட்ட போராட்டத்தின் முடிவைக் காண அப்போராளிகளுள் ஒருவர்கூட அவ்வறையில் இருக்கவில்லை.

அலபாமாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, மாத முடிவிலே, சபையைத் திருத்தத்துக்கு எதிராக மீண்டும் வாக்களிக்கச் செய்தனர். அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. செப்ரெம்பர் மாதத்திலே கொனெற்றிக்கற் மாநிலமும் இசைந்தமையால் ரெனசியைப் பற்றிய ஐயமும் பயனற்றதாயிற்று. பின்னர் மேரிலாந்து மாநிலத்திலே வாக்காளர் இடாப்பிலிருந்து பெண்களின் பெயரை நீக்கவேண்டுமென எழுந்த வழக்கிலே, 1922 இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டசபை ஏற்புறுதி செய்யும்போது கூட்டரசின் கடமையையே ஆற்றுகின்றது. மாநிலத்தின் அரசியற்றிட்டம் அதற்கு வேலியிட முடியாது. ஏற்றுக்கொண்டோம் என மாநிலம் அனுப்பிய சான்றிதழே முடிவானது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பிராண்டைஸ்.

இத்துணை இடர்ப்பட்டுப் பெற்ற உரிமையும் எல்லோர் கையையும் அடைந்துவிடவில்லை. தென்மாநிலங்களிலே வாக்குவரி, எழுத்தறிவுச் சோதனை, நேரடி மிரட்டல் ஆகியன கறுப்பின ஆண்களை முன்பே தடுத்திருந்தன. இப்போது அதே கதவுகள் கறுப்பினப் பெண்களுக்கும் மூடப்பட்டன. கூட்டரசுத் தேர்தல்களில் வாக்குவரியை ஒழிக்கும் திருத்தம் 1964 இலேயே ஏற்புறுதி பெற்றது. வாக்குரிமைச் சட்டம் 1965 இல் வந்தது. தாளிலே ஏற்புறுதி பெறுவதற்கு முப்பத்தாறு மாநிலங்கள் போதும். வாக்குச் சாவடியில் ஏற்புறுதி பெறுவதற்கு அந்தப் பெண்கள் மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தனர்.

ஐந்தாம் உறுப்புரை கூறும் மற்றொரு வழி, மாநாட்டு வழி, ஒரே ஒருமுறை பயன்பட்டது. மதுவிலக்கை நீக்க விரும்பிய கொங்கிரஸ், மதுவிலக்குச் சங்கங்களுக்கு அஞ்சும் மாநிலச் சட்டசபைகளை நம்பாது, 1933 பெப்ரவரியிலே அத்திருத்தத்தைத் தனி மாநாடுகளுக்கு அனுப்பிற்று. ஆம் என்பதற்கோ இல்லை என்பதற்கோ முன்னரே வாக்குறுதி செய்த பிரதிநிதிகளை மக்கள் தெரிந்தனுப்பினர். மாநாடுகளில் விவாதிக்க அதிகம் இருக்கவில்லை. பத்து மாதத்துக்குள், டிசம்பர் 5 இல், முப்பத்தாறாவது மாநிலம் இசைந்தது. அது மோமன் சமயத்தவர் மிகுந்த, மதுவை வெறுக்கும் யூற்றா மாநிலம் என்பதுதான் வேடிக்கை.

காலத்தைப் பற்றிய மௌனத்துக்கு வருவோம். மதுவிலக்குத் திருத்தத்திலேயே முதன்முறையாக ஏழாண்டுக் காலக்கெடு விதிக்கப்பட்டது. அத்தகைய கெடு செல்லுமென 1921 இல் நீதிமன்றம் ஏற்றது. கெடு இல்லாதவை எவ்வளவு காலம் உயிரோடிருக்கும்? 1924 இல் அனுப்பப்பட்ட சிறுவர் உழைப்புத் திருத்தம் பற்றிய வழக்கிலே, அது கொங்கிரஸ் தீர்மானிக்கவேண்டிய அரசியல் வினா என 1939 இல் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

இப்போது, 1789 இல் நின்றுபோன இரண்டை நினைவு கூர்வோம். அவற்றுள் ஒன்று, கொங்கிரஸ் உறுப்பினர் தம் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தல் நடந்த பின்னரே அது நடைமுறைக்கு வருமென்பது. 1873 இல் உறுப்பினர் தம் சம்பளத்தை முற்காலத்துக்குஞ் சேர்த்து உயர்த்தியதைக் கண்டு வெகுண்ட ஒகையோ மாநிலம், அப்பழைய ஏட்டைத் தூசி தட்டி ஏற்புறுதி செய்தது. பின்னர் 1978 இல் வயோமிங். 1982 இல் ரெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவர் கிறெகரி வாட்சன், அத்திருத்தம் இன்னும் உயிரோடிருப்பதாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்குக் கிடைத்தது நடுத்தரப் புள்ளியே. மாணவர் மனஞ் சோரவில்லை; மாநிலச் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். 1983 இல் மெயின், 1984 இல் கொலராடோ என ஒவ்வொன்றாக இசைந்து வந்தன. மாநிலங்கள் ஐம்பதாகிவிட்டமையால் முப்பத்தெட்டு வேண்டும். 1992 மே 7 இல் மிச்சிகன் இசைந்ததும் நிறைவு கிட்டிற்று. முன்மொழிந்து 202 ஆண்டுகளுக்குப் பின்னர் அது இருபத்தேழாந் திருத்தமாயிற்று. இதற்கு மாறாக, பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை வழங்கிய திருத்தம் 1971 மார்ச் 23 இல் புறப்பட்டு ஜூலை 1 இல், நூறு நாளில், நிறைவெய்தியிருந்தது. ஆசிரியர்கள் புள்ளியிடும்போது சற்று நிதானித்தல் நன்று என்பதற்கும் இவ்வரலாறு இடந்தருகின்றது. அம்மாணவரின் புள்ளி 2017 இல் முதற்றரமாக உயர்த்தப்பட்டது.

காலக்கெடு கடந்தவற்றின் கதி வேறு. ஆண் பெண் சமவுரிமைத் திருத்தம் 1972 இல் அனுப்பப்பட்டு, ஏழாண்டுக் கெடு 1982 வரை நீட்டப்பட்டும், முப்பத்தைந்து மாநிலங்களோடு நின்றது. அவற்றுள் ஐந்து தம் இசைவை மீட்டுக்கொண்டன. பின்னர் 2017 இல் நெவாடாவும், 2018 இல் இலினோயும், 2020 இல் வேர்ஜீனியாவும் இசைந்தன. முப்பத்தெட்டு என்றார் ஒரு சாரார். கெடு கடந்தது, மீட்டவற்றைக் கழியுங்கள் என்றார் மறு சாரார். திருத்தங்களைச் சான்றுப்படுத்தும் பொறுப்பு இப்போது தேசிய சுவடிக்காப்பாளரிடம் உள்ளது. அதனை நிறைவேறியதாகச் சான்றுப்படுத்த அவர் முன்வரவில்லை. சீவாட்டின் மேசையிலே 1868 இல் கிடந்த அதே வினாக்கள், நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் விடையின்றி வேறொரு மேசையிலே கிடந்தன.

இதுவரை கொங்கிரஸ் முப்பத்துமூன்று திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியுள்ளது. இருபத்தேழு ஏற்புறுதி பெற்றன. பெறாத ஆறனுள் மிகப் பழையது, 1789 ஆம் ஆண்டுப் பன்னிரண்டிலும் முதலாவதாக எழுதப்பட்ட திருத்தம். எத்தனை மக்களுக்கு ஒரு பிரதிநிதி என்பதை வரையறுக்க வந்தது அது. அதற்குக் காலக்கெடு விதிக்கப்படவில்லை. ஆகையால் சட்டப்படி அது இன்னமும் மாநிலங்களின் முன்னேயே இருக்கின்றது, கையிலெடுப்பார்தாம் இல்லை.